18 வயதுக்கு முன் தொடங்க வேண்டியவை: பாலக்காட்டு எல்லைத் தமிழ் அம்மாக்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ செரிப்ரல் பால்சியோ உள்ள பிள்ளையை வளர்க்கும் தமிழ் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். பையனுக்கு மீசை அரும்பும்போதோ பெண் வயதுக்கு வரும்போதோ அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறீர்கள் என்றால், இது உங்களுக்குத்தான். என் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டி இப்போது வளர்ந்த ஆள். அறிவுசார் குறைபாடு உண்டு, வலிப்பும் உண்டு.

பிள்ளை சின்னதாக இருக்கும்வரை வழி சொல்ல யாராவது இருக்கிறார்கள். அங்கன்வாடி டீச்சர், ஆஷா, தெரபிஸ்ட், பள்ளிக்கு வரும் ஸ்பெஷல் டீச்சர். 18 பிறந்ததும் நிலைமை மாறிவிடும். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் அரசின் டி.இ.ஐ.சி மையம் 18 வயதுவரைதான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமை 6 முதல் 18 வரை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பாதுகாப்பு 18 வரை. பெற்றோர் என்ற முறையில் உங்களுக்கு இருக்கும் இயல்பான காப்பாளர் உரிமையும் 18 வரை. இத்தனையும் ஒரே பிறந்தநாளில் முடிகின்றன. அதனால் 13 வயதிலேயே தொடங்கிவிடுங்கள். ஐந்து வருஷம் நிறைய என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஆகும் காலத்தைப் பார்த்தால் அது சரியாகத்தான் இருக்கும்.

எந்த மாநிலம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லை ஊர்களில் பாதிக் குடும்பம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ரேஷன் கார்டு சித்தூர் தாலுகாவில் இருக்கும், பிள்ளையின் ஆதார் பொள்ளாச்சியில் பாட்டி வீட்டு முகவரியில் இருக்கும், சிகிச்சை கோயமுத்தூரில் நடக்கும். சின்ன வயதில் இது ஒரு தொந்தரவாகவே தெரியாது. பென்ஷனுக்கும் கார்டியன்ஷிப்புக்கும், அதாவது சட்டப்படியான காப்பாளர் நியமனத்துக்கும், எழுதிக் கொடுக்கும்போதுதான் ஒவ்வொரு மேசையிலும் இடிக்கும். மாநில அரசின் உதவித்தொகை எதுவாக இருந்தாலும் அந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்குத்தான். தமிழ்நாட்டுத் தொகையையும் கேரளத் தொகையையும் சேர்த்து வாங்க முடியாது. நிரந்தரமாக எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று வீட்டில் பேசி முடிவெடுத்து, பிள்ளையின் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரே முகவரிக்குக் கொண்டுவாருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலும் இனிஷியலும் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். தமிழ் இனிஷியல் ஒரு காகிதத்தில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் போகும், மூன்றாவதில் வீட்டுப் பெயராக மாறியிருக்கும். இதற்காகவே திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் ஏராளம்.

ஆதாரில் 15 வயதில் கைரேகையும் கண் பதிவும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது எளிதல்ல. கூட்டம் இல்லாத நேரத்தில், அரசின் இணையச் சேவை மையமான அக்‌ஷய கேந்திரத்துக்குப் போய், முதல் நாள் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். இன்னொரு நாள் விரலை வைக்கப் பழக்கலாம்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலையாளம் எழுதத் தெரியாது என்பதற்காக எந்த அம்மாவும் கவுண்டரிலிருந்து திரும்பி வரக்கூடாது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம். வேலை சீக்கிரம் நடக்க வேண்டுமென்றால் அக்‌ஷயாவில் மலையாளத்தில் நிரப்பித் தரச் சொல்லுங்கள். ஆனால் என்ன எழுதினார்கள் என்று வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லி, தமிழில் குறித்து வைத்துக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சான்றிதழும் யுடிஐடி அட்டையும்

யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. மற்ற எல்லாவற்றுக்கும் குறைபாட்டுச் சான்றிதழும் இந்த அட்டையும்தான் அடிப்படை. யுடிஐடி எண் நாடு முழுக்கச் செல்லும், எல்லை தாண்டினாலும் மாறாது. குறைபாடு 40 சதவீதமாவது இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். 40 முதல் 80-க்குள் மஞ்சள் அட்டை, 80-ம் அதற்கு மேலும் நீல அட்டை. அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18-இல் தருவதுதான் ஆயுள் முழுக்கச் செல்லும். எனவே அந்தக் கடைசி மதிப்பீட்டுக்கு நன்றாகத் தயாராகிப் போங்கள்.

எப்படித் தயாராவது? சமூக முதிர்ச்சி அளவீட்டில், அதை வைன்லேண்ட் என்பார்கள், சைக்காலஜிஸ்ட் பெரும்பாலும் உங்களிடம்தான் கேள்வி கேட்பார். தானே குளிக்கிறானா, கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறானா, காசு தெரியுமா என்று. அம்மாக்கள் இங்கே பெருமையோடு "செய்வான்" என்று சொல்லிவிடுகிறார்கள். சோப்பை நீங்கள் எடுத்துக் கொடுத்து, தண்ணீரை விளாவி வைத்து, "முதுகு தேய், கால் தேய்" என்று வாசலில் நின்று சொன்னால் குளிக்கிறான் என்பதும், தானாகக் குளிக்கிறான் என்பதும் ஒன்றல்ல. போவதற்கு முன்பு ஒரு வாரம் கவனித்து மூன்று பட்டியல் எழுதுங்கள்: தானாகச் செய்வது, சொன்னால் செய்வது, கூட நின்றால் மட்டும் செய்வது. அதைப் பார்த்தே பதில் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் சதவீதம் போடுகிறார்கள். மதிப்பெண் 36 முதல் 54 வரை மிதமான நிலை, 75 சதவீதம். 21 முதல் 35 வரை கடுமையான நிலை, 90 சதவீதம்.

பிள்ளையிடம் நேரடியாகக் கேட்கும் சோதனை இருந்தால், தமிழில் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை மலையாளக் கேள்விக்கு விழித்தால் அது அறிவுக்குறைவு ஆகாது. தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால், நீங்கள் மொழிபெயர்க்க அனுமதி கேளுங்கள், அல்லது வேறு நாள் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

உடம்பு வளரும்போது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நாம் பேசத் தயங்குவதால் பிள்ளைகள் படும் பாடுதான் அதிகம்.

பத்து வயதிலேயே கதவைச் சாத்தப் பழக்குங்கள். குளிப்பது, துணி மாற்றுவது, கக்கூஸ் போவது எல்லாம் மூடிய கதவுக்குள். கிணற்றடியிலோ வாசலிலோ வைத்துக் குளிப்பாட்டுவது அந்த வயதோடு நிற்க வேண்டும். நாம் வெட்டவெளியில் துணி மாற்றிவிட்டால், யார் துணியைக் கழற்றினாலும் சரி என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும்.

பெண் பிள்ளைக்கு மாதவிடாய் வருவதற்கு முன்பே பேட் பழக்குங்கள். உள்ளாடையில் பேட் எங்கே ஒட்ட வேண்டும் என்று மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்தால் பல பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். முதலில் சும்மா ஒரு மணி நேரம் கட்டிப் பழகட்டும். காலண்டரில் நாளைக் குறிக்கச் சொல்லுங்கள். பயந்துபோகும் பிள்ளைக்கு, அம்மாவுக்கும் வரும், அத்தைக்கும் வரும் என்று காட்டினால் பயம் தெளியும். சொந்தக்காரர்கள் சிலர் "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்பார்கள். 2016 சட்டத்தின் 10-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளியின் முழுமனதான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. அந்த அறுவை சிகிச்சை பாலியல் சீண்டலையும் தடுக்காது. அப்படி ஒரு சீண்டல் நடந்ததற்கான அடையாளம் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

பையன்களுக்கும் உடம்பில் உணர்ச்சி வரும். கை அங்கே போனால் அடிக்காதீர்கள், சூடு வைப்பேன் என்று மிரட்டாதீர்கள். "இங்கே வேண்டாம், உன் அறையில்" என்று ஒரே வாக்கியத்தை, வீட்டில் எல்லாரும், ஒரே குரலில் சொல்லுங்கள். மாதக்கணக்கில் சொல்ல வேண்டியிருக்கும். பிடித்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, "வேண்டாம்" என்று சொல்லப் பழக்குவது. நம் பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கத்தான் பழக்குகிறோம். உட்கார் என்றால் உட்கார வேண்டும், வாயைத் திற என்றால் திறக்க வேண்டும். யார் சொன்னாலும் கேட்கும் பிள்ளையை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம். அதனால் வீட்டில் தினமும் "வேண்டாம்" சொல்ல இடம் கொடுங்கள். இட்லியா தோசையா, நீலச் சட்டையா பச்சையா, மாமாவுக்கு முத்தம் கொடுக்கிறாயா இல்லையா. இல்லை என்றால் அதை மதியுங்கள், மாமா கோபித்துக்கொண்டாலும் சரி. பேச்சு வராத பிள்ளைக்குக் கையைத் தள்ளுவதோ தலையை ஆட்டுவதோ போதும். உடம்பின் எல்லா உறுப்புக்கும் பெயர் சொல்லித் தாருங்கள். பெயர் தெரிந்தால்தான் எங்கே தொட்டார்கள் என்று காட்ட முடியும்.

18 கடந்துவிட்டால் போக்சோ பொருந்தாது. மன வயது ஆறோ ஏழோ என்றாலும், உடல் வயதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பொதுக் குற்றவியல் சட்டத்தில், மனநலமோ உடலோ பாதிக்கப்பட்ட பெண்ணின் மீதான பாலியல் வன்கொடுமை கூடுதல் தண்டனைக்குரிய குற்றம். புகாரைப் போலீஸ் உங்கள் வீட்டிலோ உங்களுக்கு வசதியான இடத்திலோ வந்து பதிய வேண்டும். ஸ்பெஷல் டீச்சரோ மொழிபெயர்ப்பாளரோ கூட இருக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு அலையத் தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, 18-க்கு உட்பட்ட பிள்ளைக்கு 1098.

பணம்

கேரளத்தில் மாற்றுத்திறனாளி பென்ஷனுக்குப் பஞ்சாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2025 நவம்பரில் தொகை 1,600-இலிருந்து 2,000 ரூபாய் ஆனது. குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வில்லேஜ் ஆபீசில் வருமானச் சான்று வாங்க வேண்டும். அப்புறம் மஸ்டரிங், அதாவது பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று கைரேகையால் உறுதிசெய்வது. அறிவிப்பு வரும்போது அக்‌ஷயாவில் கைரேகை வைக்காவிட்டால் பென்ஷன் சத்தமில்லாமல் நின்றுவிடும். பிள்ளையைக் கொண்டுபோக முடியாதவர்கள் சொன்னால் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள்.

ஆஸ்வாசகிரணம் என்பது வேறு. அது முழுநேரமும் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு, மாதம் 600 ரூபாய் என்று வைத்த திட்டம். வழியை அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள். புது விண்ணப்பங்கள் எடுப்பதிலும் பணம் வருவதிலும் இழுபறி உண்டு. அதனால் இதை நம்பி மாதச் செலவைத் திட்டமிடாதீர்கள், ஆனால் விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீது வாங்காமல் விடாதீர்கள்.

மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் எல்லாரும் சேர வேண்டும் என்பேன். ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. ஓபி, மருந்து, தெரபிக்கும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு இருக்கும். சேர முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது. பிபிஎல் குடும்பத்துக்கு 250, மற்றவர்களுக்கு 500 ரூபாய். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் காட்டிவிட்டு ரசீதை அனுப்பிப் பணம் வாங்கலாம் என்பதால் கோயமுத்தூர் போகும் நமக்கு வசதி. வருஷம் மார்ச் 31-இல் முடியும். புதுப்பிக்க மறந்தால் போச்சு.

வீட்டில் யாராவது அரசு வேலையிலோ பி.எஃப் உள்ள கம்பெனியிலோ இருந்தால் இன்றே ஒன்றைச் செய்யுங்கள். பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் சர்வீஸ் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். குறைபாடுள்ள பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் குடும்ப பென்ஷன் கிடைக்க விதிகள் உண்டு. பி.எஃப் பென்ஷனில் நிரந்தர முழு ஊனம் இருக்க வேண்டும். பெற்றோர் காலமான பிறகு பதிவு இல்லாமல் அண்ணன் தம்பிகள் அலைவது மிகக் கஷ்டம். வருமான வரி கட்டுகிறவர்களுக்குப் பழைய வரி முறையில் 80டிடி பிரிவின்கீழ் 75,000, கடுமையான குறைபாட்டுக்கு 1,25,000 கழிவு. ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் 75 சதவீதச் சலுகை.

பள்ளி முடிந்த பிறகு பகல் பொழுது

18-க்குப் பிறகு பல பிள்ளைகள் வீட்டுத் திண்ணையோடு முடங்குவதைப் பார்க்கிறேன். நான்கு மாதம் சும்மா இருந்தால், பத்து வருஷம் கற்றது கரையத் தொடங்கும். கோபமும் எடையும் கூடும்.

கேரளத்தில் பஞ்சாயத்துகள், அரசின் பெண்கள் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயோடு சேர்ந்து, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு பட்ஸ் பள்ளிகள் நடத்துகின்றன. முதல் பள்ளி 2004-இல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூரில் தொடங்கியது. 18-க்கு மேற்பட்டவர்களுக்கு பட்ஸ் மறுவாழ்வு மையம். உங்கள் பஞ்சாயத்தில் இல்லாவிட்டால் பக்கத்துப் பஞ்சாயத்தில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிக் கிராமசபை கூட்டுவார்கள், பின்னசேஷி கிராமசபை என்பார்கள். அதற்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டி வேண்டும், தெரபிஸ்ட் வேண்டும் என்று அங்கே பதிவாகிற கோரிக்கைதான் அடுத்த வருஷத் திட்டத்துக்குப் போகும். மெம்பரிடம் வழியில் நின்று சொன்னது எங்கும் போகாது.

மையத்தைப் பார்க்கப் போகும்போது கட்டிடத்தைப் பார்க்காதீர்கள், கக்கூசைப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண் பிள்ளைக்கு யார் உதவுகிறார்கள், வண்டியில் டிரைவரைத் தவிர யார் இருக்கிறார்கள், வலிப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். டீச்சர் மலையாளத்தில் பேசுவார். உங்கள் பிள்ளை சொல்லும் வார்த்தைகளையும் சைகைகளையும் அவற்றின் அர்த்தத்தோடு ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். நல்ல டீச்சர் முதல் வாரமே அதைச் சுவரில் ஒட்டிவிடுவார்.

மையம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே வேலை கொடுங்கள். நம் பக்கம் மாட்டுத் தொழுவம் இல்லாத வீடு குறைவு. மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, தீவனம் அளந்து போடுவது, பால் சொசைட்டிக்குக் கூடவே பாத்திரம் தூக்கி வருவது, சின்ன வெங்காயம் ஆய்வது, தேங்காய் எண்ணி அடுக்குவது. ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே வரிசை. வேலைக்குக் கூலியும் கொடுங்கள், அவன் கையில், பத்து ரூபாயானாலும். அதைக் கொண்டுபோய்க் கடையில் தனக்குப் பிடித்ததை வாங்கட்டும். மகன் தன் காசில் வாங்கிய பொரி உருண்டையை யாருக்கும் பங்கு தரமாட்டான், நானும் கேட்பதில்லை.

கார்டியன்ஷிப்

18 ஆனதும் சட்டத்தின் கண்ணில் அவர் முழு வயது வந்தவர். வங்கி, பத்திரம், பெரிய ஆபரேஷனுக்கு ஒப்புதல் என்று சில இடங்களில் "நீங்கள் யார்?" என்று கேட்பார்கள். 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, மேலே சொன்ன நான்கு வகைக் குறைபாட்டுக்கும் எல்.எல்.சி எனப்படும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். கலெக்டர், பதிவு பெற்ற ஒரு தொண்டு அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருப்பார்கள். பாலக்காடு சிவில் ஸ்டேஷனில் சமூகநீதி அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கோர்ட்டும் வக்கீலும் தேவையில்லை.

அப்பா அம்மா சேர்ந்து விண்ணப்பிக்கலாம், உடன்பிறந்தவரும் உறவினரும் விண்ணப்பிக்கலாம். பெண் பிள்ளைக்குத் தனி ஆண் ஒருவரைக் காப்பாளராக்க மாட்டார்கள். அவர் மனைவியோடு சேர்ந்துதான், அதிலும் மனைவிக்கே முதலிடம். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து, கடன் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கு. கொஞ்சம் தொகைதான் என்றாலும் எழுதி வையுங்கள். எல்.எல்.சி சான்றிதழை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சொல்லியிருக்கிறது. கிளையில் தெரியாது என்றால் இதை நினைவுபடுத்துங்கள்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது தேவை என்று நான் நினைக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, எடுத்துச் சொன்னால் புரிந்துகொண்டு முடிவெடுக்கக்கூடிய லேசான குறைபாடு என்றால், ஜாயின்ட் அக்கவுண்டும் கூட இருந்து உதவுகிற ஆளும் போதும். 2016 சட்டம் ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் காப்பாளர் என்ற வழியையும் வைத்திருக்கிறது. வாக்காளர் அட்டையும் மறக்காதீர்கள். கோர்ட் ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று அறிவித்தால்தான் ஓட்டு இல்லை. அறிவுசார் குறைபாடு மட்டும் அதற்குக் காரணமாகாது.

டாக்டர்

குழந்தை டாக்டர் விடைகொடுப்பதற்கு முன்பே, அவர் கையால் ஒரு சுருக்கம் எழுதி வாங்குங்கள்: என்ன நோய், என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளவில்லை. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்கு வருஷம் ஒருமுறை தைராய்டு பாருங்கள். வாயில்லாப் பிள்ளை திடீரென்று தலையை முட்டிக்கொண்டால், கடித்தால், அது 'குணம்' என்று விடுவதற்கு முன் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் பாருங்கள்.

வலிப்புக்கு: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், மணி பாருங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. வாயில் எதையும் வைக்கக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

ஒரு நோட்டு

நம்மில் பலரும் சாமியிடம் கேட்பது ஒன்றுதான்: எனக்கு முன்னால் இவன் போய்விட வேண்டும். நானும் அந்த வேண்டுதலைப் பல அம்மாக்கள் வாயால் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. அந்தப் பயத்தின் அடியில் இருப்பது, இவனைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது. அப்படியென்றால் தெரிந்ததை இன்னும் நான்கு பேருக்குத் தெரியவைக்க வேண்டும். அதற்குத்தான் நோட்டு.

கெட்டி அட்டை போட்ட நோட்டு வாங்குங்கள். தினம் ஒரு விஷயம் எழுதினால் போதும். பசித்தால் என்ன செய்வான், வலித்தால் என்ன செய்வான். சோற்றைக் குழைத்துக் கொடுக்க வேண்டுமா, எது புரையேறும். மாத்திரையின் பெயர், அளவு, நேரம், எதில் கலந்து கொடுத்தால் விழுங்குவான். வலிப்பு வருவதற்கு முன்னால் முகம் எப்படி மாறும். எந்தச் சத்தத்துக்குப் பயம். நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழாவின் வெடி எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆகாது, அந்த நாளில் எங்கே கூட்டிப் போய் வைத்திருப்பீர்கள். தூங்க எந்தப் போர்வை. எந்தப் பாட்டு கேட்டால் அடங்குவான். யாரைப் பார்த்தால் ஒதுங்குவான், அதை அப்படியே எழுதுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும். எது பிடிக்கும், எதற்குச் சிரிப்பான் என்பதற்குத் தனியாகப் பக்கங்கள் ஒதுக்குங்கள். நாளைக்கு இவனைப் பார்த்துக்கொள்ள வருபவர் நோயை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது.

பிள்ளையைக் கேட்டும் எழுதுங்கள். படத்தைக் காட்டிக் கேட்கலாம்: இந்த வீடா, அந்த வீடா, யாரோடு.

நிலமும் உயிலும்

"அவனுக்கு எதற்குப் பங்கு" என்று சொல்ல ஆள் வரும். குறைபாடு இருப்பதால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் யாருடைய பங்கும் போய்விடாது. எல்லாவற்றையும் மூத்தவன் பெயரில் எழுதிவிட்டு "தம்பியைப் பார்த்துக்கொள்வான்" என்று நம்புவது, மூத்தவனுக்கும் நியாயமல்ல. நாளை அவனுக்கு ஒன்று ஆனால் சொத்து அவன் வாரிசுகளுக்குப் போகும், இளையவனுக்கு வராது.

உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சி வேண்டும், சொத்து பெறுபவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது நல்லது. சித்தூர் பக்கமும் பொள்ளாச்சி பக்கமும் நிலம் இருந்தாலும் ஒரே உயிலில் எழுதலாம். கொஞ்சம் அதிகமாகச் சொத்து இருந்தால் பிள்ளை பெயரில் தனியார் டிரஸ்ட் வைப்பதைப் பற்றி வக்கீலிடம் பேசுங்கள். பணத்தைப் பார்க்கும் ஆள் வேறு, பிள்ளையைப் பார்க்கும் ஆள் வேறாக இருக்கட்டும்.

உடன்பிறந்தவர்களிடம் அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே வெளிப்படையாகப் பேசுங்கள். "நீதான் பார்க்க வேண்டும்" என்று ஆணையிடாமல், "உன்னால் எவ்வளவு முடியும்" என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பேன் என்று சொன்னால் அதுவும் பெரிய உதவிதான், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு மீதிக்கு வேறு வழி தேடுங்கள்.

ஓர் இரவு

இதை 18 வரை தள்ளிப்போட வேண்டாம். சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ பிள்ளையை ஓர் இரவு விடுங்கள். முதலில் பகல் பொழுது மட்டும், பிறகு இரவுச் சாப்பாடு வரை, அப்புறம் தூக்கம். நோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், அவர்கள் போன் செய்தால் மட்டும் பேசுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் தள்ளிப்போட்ட பல் டாக்டரையோ ரத்தப் பரிசோதனையையோ முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகும் முட்டியும் இந்தப் பிள்ளைக்கு இன்னும் பல வருஷம் வேண்டும். திரும்பி வந்ததும் அவர்களிடம் எப்படி இருந்தான் என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். நோட்டில் எது இல்லாமல் திண்டாடினீர்கள் என்று கேட்டு, அங்கேயே உட்கார்ந்து அதை எழுதிச் சேர்த்துவிட்டு, அடுத்த முறைக்கு நாளும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.